திருப்பிச் சொல்லுங்க

அவரிடம் வழி கேட்டவர்கள் லேசில் தப்பிக்க முடியாது. லஸ் முனையில் யாராவது வெளியூர்க்காரர் நின்று, "சார், கோயில் குளத்துக்கு எப்படிப் போறது?" என்று கேட்டுவிட்டால் போதும். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிதானமாகச் சொல்வார். இந்தப் பக்கம் திரும்புங்க, அந்த மருந்துக் கடையைத் தாண்டுங்க, அப்புறம் கூட்டம் போற பக்கமே போங்க. கேட்டவர் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவார். அங்கேதான் பிடிப்பார். "இருங்க. இப்ப நான் என்ன சொன்னேன்? ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க." வந்தவர் திருதிருவென்று முழிப்பார். பரீட்சை கொடுக்கவா மயிலாப்பூருக்கு வந்தோம் என்று நினைத்திருப்பார், பாவம். அவர் தப்பாகச் சொன்னால் இவருக்குக் கோபமே வராது. "உங்க மேல தப்பில்ல. நான்தான் சரியாச் சொல்லலை" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதற்குள் எங்கள் டிராம் போய்விடும்.

பெயரை எழுதப்போவதில்லை. அவர் பாடம் நடத்திய கல்லூரியில் பையன்கள் அவருக்கு வைத்த பெயர் 'திருப்பி சார்'. அதுவே போதும். அதே கல்லூரியின் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். சுருக்கெழுத்தும் தெரியும். அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவே நான் ஒருத்திதான் பெண். அப்பா காலமாகிவிட்டார். சாந்தோமில் நானும் அம்மாவும்தான். அவரும் எங்களைப் போலக் கிறிஸ்தவர், எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்தான். தாய் தகப்பன் இல்லை, மந்தைவெளியில் ஒரு வீட்டின் மாடியில் தனியாகக் குடியிருந்தார்.

நேராகவே சொல்லிவிடுகிறேன், இந்த வயதில் சுற்றி வளைத்து என்ன ஆகப்போகிறது. எனக்கு அவரைப் பிடிக்கும். அவர் எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வர வேண்டும் என்று நாலு வருஷம் ஆசைப்பட்டேன். அவருக்கும் மனசு இருந்தது என்பது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், ஏன், அலுவலகத்துப் பியூனுக்கே தெரியும். ஆனால் அவர் வேலை தற்காலிகம். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப்பிப்பார்கள். வேலை நிரந்தரமாகாமல் ஒரு வீட்டுப் படியேறிப் பெண் கேட்பது மரியாதை இல்லை என்று நினைக்கிற ரகம் அவர். அம்மாவோ, "கேக்கறவன் வந்து கேக்கட்டும். நாமளா போய் நிக்க முடியுமா?" என்கிற ரகம். நடுவில் நான்.

அவர் சரித்திரப் பாடத்துக்கு வந்தவர்தான். யுத்தம் தொடங்கியதும் சர்க்காரில் பிரசார வேலைக்கென்று ஒரு வருஷம் அவரைக் கடன் வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது தலையில் ஒரு பைத்தியத்தை ஏற்றிக்கொண்டு வந்தார். மேலே இருப்பவர்கள் ஒன்று சொல்கிறார்கள், கீழே இருப்பவர்கள் வேறொன்று கேட்கிறார்கள், நடுவில் என்னதான் நடக்கிறது என்பதே அந்தப் பைத்தியம். பிரின்சிபாலைக் கெஞ்சிச் சாயங்கால வகுப்பு ஒன்று ஆரம்பித்தார். 'பப்ளிக் ரிலேஷன்ஸ்' என்று பலகையில் எழுதினார். இப்போது மக்கள் தொடர்பு என்கிறார்கள். அப்போது அதற்குத் தமிழே கிடையாது. பொருளாதார வாத்தியார் ஒருவர், "பொதுஜனத்தோட உமக்கு என்னய்யா உறவு? சம்பந்தம் பண்ணப் போறீரா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். இவர் சிரிப்பார். நான் டைப் மெஷினைப் படபடவென்று தட்டுவேன்.

அவரிடம் எனக்குப் பிடித்தது பேச்சல்ல. பேச்சில் அவர் அப்படி ஒன்றும் சூரர் இல்லை. அவர் கேட்பார். யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்பார், அது கலெக்டரானாலும் சரி, கடலை விற்கிறவரானாலும் சரி. "மிஸ், இந்த வாக்கியம் உங்களுக்கு எப்படிப் படுது?" என்று என்னிடம் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த அலுவலகத்தில் வேறு எவனாவது என் அபிப்பிராயத்தைக் கேட்டிருப்பானா? கொண்டுபோய்க் கொடுத்த காகிதத்தை வாங்கிக்கொள்ளும்போது முகத்தைக்கூட நிமிர்த்த மாட்டார்கள். நான் பேசுவதற்காக ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறாரே என்பதிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன்.

ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே பாதி காலியான சமயம். குண்டு போட விமானம் வந்தால் எச்சரிக்கிற அபாயச் சங்கை எங்கள் வட்டாரத்தில் ஊதிச் சோதனை பார்க்கப்போகிறார்கள், ஜனங்களுக்கு ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுங்கள் என்று கல்லூரியைக் கேட்டிருந்தார்கள். வேலை இவர் தலையில் விழுந்தது. எழுதினார். 'நாளை காலை பத்து மணிக்கு அபாயச் சங்கு ஒலிக்கும். ஆனால் அது சோதனைக்காக மட்டுமே. ஆகவே யாரும் அஞ்ச வேண்டியதில்லை.' நல்ல தமிழ்தான். நானே டைப் செய்தேன். அவர் உடனே அச்சுக்கு அனுப்ப விடவில்லை. "முதல்ல நாலு பேர்கிட்ட வாசிச்சுக் காட்டுவோம், வாங்க. அவங்க சொல்றதை நீங்க சுருக்கெழுத்துல எடுத்துக்கணும்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா அன்று போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "ஆபீஸ் வேலைன்னா ஆபீஸ்லதானேடி இருக்கணும்? குப்பத்துல என்ன ஆபீஸ்?"

மாட வீதியில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த ஒரு மாமியிடம் முதலில் வாசித்தார். "இப்ப நான் என்ன சொன்னேன் மாமி? திருப்பிச் சொல்லுங்க." மாமி பையைக் கீழே வைத்துவிட்டாள். "நாளைக்குக் காலம்பர சங்கு ஊதப்போறா. ஆத்துல ஒருத்தரும் இருக்கப்படாது. நல்ல வேளை சொன்னேள், நான் இப்பவே காஞ்சிபுரத்துக்குக் கிளம்பிண்டிருக்கேன்" என்று பாதிக் காயோடு நடையைக் கட்டினாள்.

கடற்கரைக் குப்பத்தில் மீன் விற்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். வாய் நீளம், மனசு அதைவிட நீளம். அவளிடமும் வாசித்தார்.

"இன்னாம்மா புரிஞ்சுது?" அவளிடம் பேசும்போது அவருக்கும் 'இன்னா' வந்துவிடும்.

"இன்னா புரியறது? நாளிக்குப் பத்து மணிக்கு ஜப்பான்காரன் குண்டு போடறான். அதுக்கோசரம் சங்கு ஊதறாங்க. புள்ளைங்கள இட்டுக்கினு எங்க ஓடறதுன்னு அதுல எழுதிக்கீதா நைனா?"

"அஞ்ச வேண்டியதில்லைன்னு வாசிச்சேனேம்மா?"

"அது நீ சொன்னே. அத்த யாரு கேட்டா?"

அவர் அங்கே கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கட்டுமரத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "அந்தம்மா மேல தப்பில்ல மிஸ். சொன்னவன் மேலதான் தப்பு. பயம் முன்னால வந்துட்டா காது அதோட கதவைச் சாத்திடுது. அப்புறம் 'ஆனா'ன்னு போட்டு எவ்வளவு நல்லது சொன்னாலும் அது வாசல்லயே நிக்கும்." நோட்டீஸைத் திருப்பிப் போட்டு எழுதினார். 'நாளைக்கு ஒன்றும் நடக்காது. யாரும் எங்கும் போக வேண்டாம். சங்கு சரியாக ஊதுகிறதா என்று பத்து மணிக்கு ஊதிப் பார்க்கிறார்கள்.' மறுபடி வாசித்தார். அவள் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "நாளிக்கு ஒண்ணும் இல்ல. சங்கு ரிப்பேரான்னு ஊதிப் பாக்கறாங்க. அவ்ளோதானே? இத்த முன்னாலியே சொல்றதுக்கு இன்னா?" என்றாள்.

அதைத்தான் அவர் பிறகு பெரிய கட்டுரையாக எழுதினார். நான்தான் டைப் செய்தேன். எத்தனை முறை அடித்தேன் என்று கணக்கே இல்லை, ஒவ்வொரு முறையும் யாரிடமாவது வாசித்துக் காட்டிவிட்டு வந்து மாற்றுவார். 'ஆனால் என்ற சொல்லுக்குப் பின்னால் முக்கியமான எதையும் வைக்கக் கூடாது' என்கிற வரி மட்டும் ஒருபோதும் மாறவில்லை. அது எனக்கு மனப்பாடம்.

அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் படியில் ஐந்து நிமிஷம் நின்று பேசுவோம். ஊரே பார்க்கிற இடம், அதனால் ஒருவரும் தப்பாகப் பேச முடியாது. ஒரு நாள் யாரோ ஒரு ஜோடிக்கு ஓலை வாசித்தார்கள். எங்கள் வழக்கம் அது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் பெயர்களை வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார்கள். இவருக்கு அதில் ஒரே பரவசம். "உலகத்துலயே ஒழுங்கான அறிவிப்பு இதுதான் மிஸ். மூணு வாரம் சொல்றாங்க. சொல்லிட்டு, நீங்களும் வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்கன்னு கேக்கறாங்க பாருங்க! எந்த சர்க்கார் இப்படிக் கேட்டிருக்கு?" என்றார். நான், "அதுல வாசிக்கறதுக்கு முதல்ல ரெண்டு பேரு வேணுமே சார்" என்றேன். எனக்கு வாய் அப்படி. அவர் காது சிவந்துவிட்டது. "ஜூன் வரட்டும் மிஸ்" என்றார். அந்த ஜூன் எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

யுத்தம் முடிந்த பிறகு வந்த ஜூன் அது. அவர் வகுப்பையும் அதோடு அவர் வேலையையும் நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய நிர்வாகக் குழு கூடியது. பேசுவதைக் குறிப்பெடுக்க மூலையில் நான். என் வாழ்க்கையும் அந்த மேஜைமேல்தான் கிடந்தது, அது அவரைத் தவிர அங்கே ஒருவருக்கும் தெரியாது. இவர் எழுந்து சொன்னார், நன்றாகவே சொன்னார். நாளைக்கு நம் கையிலேயே ராஜ்ஜியம் வரப்போகிறது, ஜனங்களோடு பேசத் தெரியாத சர்க்கார் நிலைக்காது, ஜனங்கள் பேசுவதைக் கேட்கத் தெரியாத சர்க்கார் அதைவிட நிலைக்காது என்றார். தலைவர் நடுநடுவே வெற்றிலைச் செல்லத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். கடைசியில், "ஆக, விளம்பரம் போடறதுக்கு ஒரு படிப்பு வேணுங்கறீர்" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆமாம் சாமி என்று தலையை ஆட்டியிருந்தால்கூட வேலை நிலைத்திருக்கும். இவர் கண்ணை மூடித் திறந்தார். சொல்லாதீங்க, சொல்லாதீங்க என்று மனசுக்குள் கத்தினேன்.

"ஐயா, நான் சரியாச் சொல்லலை போலிருக்கு. மறுபடியும் சொல்றேன். சொல்லி முடிச்சதும், தாங்கள் ஒரு தடவை அதைத் திருப்பிச் சொல்ல முடியுமா?"

"என்னய்யா, என்னை மாணாக்கனாட்டம் எழுந்து நிக்கச் சொல்றீரா?" என்றார் தலைவர். பாவி மனுஷன், இவர் அதற்கும், "நின்னுகிட்டுச் சொல்லணும்னு இல்லை ஐயா, உக்காந்துகிட்டே சொல்லலாம்" என்று உண்மையான மரியாதையோடு சொன்னார். தீர்மானம் தோற்றது. அந்தக் குறிப்பை நானே டைப் செய்து நானே கோப்பில் வைத்தேன். தப்புத் தப்பாக அடித்ததில் இரண்டு காகிதம் வீணாயிற்று.

கடல் தாண்டி ஒரு பல்கலைக்கழகத்துக்கு அந்தச் சங்குக் கட்டுரையை அனுப்பியிருந்தார். இங்கே விளம்பரம் என்று தள்ளியதை அங்கே ஆராய்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். வந்து படி, பட்டம் வாங்கு என்று உதவிப் பணத்தோடு அழைத்தார்கள். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு சாயங்காலம் லஸ் டிராம் நிறுத்தத்தில் நின்றோம். குடையைத் திருகிக்கொண்டே பேசினார்.

"நாளன்னிக்குப் பம்பாய் மெயில் மிஸ். போய் வர மூணு வருஷமாவது ஆகும். வந்தாலும் வேலை கிடைக்கும்னு சொல்ல முடியாது. இந்த நிலைமைல யாரையும் எனக்காகக் காத்திருக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்ல."

நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது அவ்வளவுதான். அவர் இன்னும் ஏதோ பேசிக்கொண்டுதான் இருந்தார். நான் டிராம் கம்பியைப் பார்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வந்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். டிராம் வந்தது. இப்போது கேட்பார், 'திருப்பிச் சொல்லுங்க' என்று இப்போது கேட்பார் என்று நின்றேன். வழிப்போக்கனிடமெல்லாம் கேட்ட மனுஷன் என்னிடம் கேட்கவில்லை. கையைக் கூப்பினார். நானும் கூப்பினேன்.

"என்னடி சொன்னான்?" என்று அம்மா கேட்டாள். "காத்திருக்க வேணாம்னுட்டார்மா." அம்மா எதிர்வீட்டில் சொன்னபோது அது 'அவனுக்கு இஷ்டமில்லையாம்' என்று ஆனது. அடுத்த ஞாயிறு கோயில் படியில் எனக்கே வந்து சேர்ந்தபோது, அவர் அங்கே போய் ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று இருந்தது. அவர் மட்டும் ஊரில் இருந்திருந்தால் பென்சிலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருப்பார்.

ஒன்றரை வருஷம் கழித்து ரயில்வே கணக்கு ஆபீஸில் வேலை பார்த்த ஒருவருக்கு என்னைப் பேசினார்கள். நல்ல மனிதர். அவரைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். எங்களுக்கு ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் மூன்று ஞாயிறும் கேட்டார். மூன்று ஞாயிறும் நான் கோயில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு கடலுக்கு அப்பால் இருக்கிறவர் வரமாட்டார் என்று தெரியும். தெரிந்தால் மட்டும் கழுத்து திரும்பாமல் இருக்குமா?

பிற்பாடு அவர் பெரிய ஆளானார். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் அவருக்கென்றே ஒரு துறை திறந்தார்கள். புத்தகங்கள் எழுதினார். இன்றைக்கு எந்த ஆபீஸுக்குப் போனாலும் மக்கள் தொடர்பு அதிகாரி என்று கழுத்துப் பட்டியோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வாய் ஓயாமல் பேசுகிறார். யாரும் யாரையும் திருப்பிச் சொல்லச் சொல்வதில்லை. அந்த மாதிரி ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

வடக்கே போவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை அவரைப் பார்த்தேன். சுதந்திரம் வந்தாகிவிட்டது. நாங்கள் தியாகராய நகரில் குடியிருந்தோம். பனகல் பார்க் பக்கம் இடுப்பில் குழந்தையோடு காய்கறி வாங்கிக்கொண்டு வருகிறேன். பின்னாலிருந்து, "மிஸ்!" என்று ஒரு குரல். கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்றவளை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு.

இளைத்திருந்தார். முன்தலை வழுக்கை. அதே குடை. இன்னொரு கையில் ஒரு பழப்பை.

"எப்ப வந்தீங்க சார்?"

"நேத்துக் காலையில. பெட்டியை மந்தைவெளில போட்டுட்டு நேரா சாந்தோமுக்கு, உங்க வீட்டுக்குத்தான் போனேன். அம்மா சொன்னாங்க." குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். "உங்க ஜாடைதான். இந்தப் பழம் அம்மா வாங்கிக்க மாட்டேன்னுட்டாங்க. பாப்பா சாப்பிடட்டும்."

ஆரஞ்சும் ஆப்பிளும். பெண் கேட்கப் போகிறவர் கையில் கொண்டுபோகிற பழம் என்று பார்த்ததுமே புரிந்தது. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "இப்ப எதுக்கு சார் எங்க வீட்டுக்குப் போனீங்க?"

"சொல்லிட்டுத்தானே போனேன்?"

"என்ன சொன்னீங்க?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, "நீங்க சொல்லுங்க. அன்னிக்கு லஸ்ல நான் என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்க" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டார். தலையைச் சாய்த்துக்கொண்டார். நடுத்தெரு, சைக்கிள்காரர்கள் மணி அடித்துக்கொண்டு விலகிப் போகிறார்கள், நான் சொன்னேன். பம்பாய் மெயில், மூணு வருஷம், வேலை கிடைக்கும்னு சொல்ல முடியாது, காத்திருக்கச் சொல்ல உரிமை இல்ல.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னேன் மிஸ். ஆனா, திரும்பி வந்ததும் முதல் வேலையா உங்க வீட்டுக்குத்தான் வருவேன், அம்மாகிட்ட உங்களைக் கேப்பேன்னு. ஊர் பேசும்னு கடிதம் போடலை. சொல்லிட்டோமேன்னு நம்பிக்கிட்டு இருந்துட்டேன்."

அவர் சொல்லச் சொல்ல அந்தச் சாயங்காலம் எனக்குத் திரும்பி வந்தது. திருகிக்கொண்டிருந்த குடை, அசைந்த உதடு, அந்த வார்த்தைகள் எல்லாம் வந்தன. சொல்லியிருக்கிறார். நான் பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன். ஒன்றுகூட உள்ளே வரவில்லை.

"அன்னிக்கு ஏன் சார் என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்லலை?"

"பயமா இருந்துது. நீங்க சொல்லி, அதுல வேண்டாம்னு ஏதாவது வந்துடுமோன்னு." குடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க மேல தப்பில்ல மிஸ். சொன்னவன் மேலதான் தப்பு. 'ஆனா'வுக்குப் பின்னால வெச்சது நான்தானே."

குழந்தையின் கையில் ஒரு ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு, பையை என் கூடைக்குள் வைத்துவிட்டுப் போனார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அந்தத் தெரு முனை வரைக்கும் அவர் குடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது என் மேல் பழியைப் போட்டிருக்கலாம். 'உனக்குக் காது இல்லையா?' என்று அந்தத் தெருவில் கத்தியிருந்தால், நானும் 'உமக்கு வாய் இல்லையா?' என்று கத்தியிருப்பேன். புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒரு தடவை சண்டையாவது போட்டிருப்போம். அந்தச் சண்டைக்கு நான் இன்னும் ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.